மழைக்கு யார் பொறுப்பு? மலையகத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பதுளை மாவட்டத்துப் பாடசாலையொன்றில் புவியியல் கற்பிக்கிறேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்துபோனது. நாடு முழுவதும் 600இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. அதற்குப் பிறகு கோயில் முன்றல், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக் காம்பரா, மரண வீட்டுத் தகரப் பந்தல் என்று எங்கே போய் உட்கார்ந்தாலும் பேச்சு அங்கேதான் வந்து நின்றது. ஒரே சந்தேகங்களுக்கு ஒவ்வோர் இடத்திலும் பதில் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதத் தொடங்கினேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். பேச்சு வழக்கை மட்டும் எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன்.

மண் சரிவது புதிதா, சேர்? எங்கள் தாத்தா காலத்திலும் சரிந்ததுதானே?

சரிந்தது. இந்த மலைகளில் நின்ற காட்டை வெள்ளைக்காரத் துரைமார் முதலில் கோப்பிக்காக மொட்டையடித்தார்கள். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் தலைகாட்டியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி அழிந்த இடத்தில் தேயிலை ஏறியது, காடு திரும்பவில்லை. வேர் போன மண் அன்றிலிருந்தே வழுக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

மாறியிருப்பது மழையின் குணம். காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால், அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்கும். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து உலகம் ஏற்கெனவே ஒரு பாகைக்கு மேல் சூடாகிவிட்டது. 2024ஆம் ஆண்டின் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தைவிட 1.5 பாகைக்கும் மேல். அதனால் நாள்கணக்கில் தூறித் தீர வேண்டிய நீர் ஓரிரவில் கொட்டும் வாய்ப்புக் கூடுகிறது. சரிவில் கிடக்கும் மண்ணுக்கு, எவ்வளவு பெய்தது என்பதோடு எத்தனை மணி நேரத்தில் பெய்தது என்பதும் கணக்கு.

இதில் எங்கள் பங்கு எவ்வளவு?

உலகம் வெளியிடும் காபனீரொட்சைட்டில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆள்கணக்கில் பார்த்தால் அமெரிக்கர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 தொன், உலகச் சராசரி ஐந்து தொன்னுக்குச் சற்றுக் குறைவு, இலங்கையருக்குச் சுமார் ஒரு தொன். அந்த ஒரு தொன்னிலும் கொழும்பின் குளிரூட்டிகளும் வாகனங்களும் அடக்கம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இரண்டு மின்குமிழ், ஒரு தொலைக்காட்சி, ஒரு விறகடுப்போடு வாழும் குடும்பத்தின் பங்கு அந்தச் சராசரிக்கும் எவ்வளவோ கீழே.

அப்படியானால் எங்களுக்கு ஒரு பொறுப்பும் இல்லை, விட்டுவிடலாமா?

இங்கே இரண்டு பொறுப்புகள் கலந்து கிடக்கின்றன. உலகம் சூடானதற்கான பொறுப்பு ஒன்று. அது உங்களுடையது இல்லை என்று கூசாமல் சொல்லலாம். அடுத்த மழையில் யார் உயிரோடு இருப்பார்கள் என்பது மற்றது. அதில் எல்லோருக்கும் பங்கு உண்டு, ஆனால் சமபங்கு இல்லை. எதை முடிவு செய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அதன் பொறுப்பும் அவர் கையில். கூரையை மாற்றத் தோட்ட முகாமையாளரான துரையின் அனுமதி வேண்டும் என்றால், ஒழுகும் கூரைக்கு நீங்கள் பொறுப்பாளி ஆக முடியாது. வீட்டு வாசலில் ஓடும் கான் எனும் வடிகாலில் சோற்றுப் பொட்டலத்தைப் போட எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை அல்லவா? அது உங்கள் கணக்கு.

கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு அளவுகோலைக் கொண்டு அளந்தவைதான்.

மகளுக்குப் பாடசாலையில் 'காபன் தடம்' கணக்குப் போடச் சொன்னார்கள். அது என்ன?

அந்த வேலையைக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஒருவரின் வாழ்க்கைமுறையால் எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியாகிறது என்று கூட்டிப் பார்ப்பது காபன் தடம். கணக்கில் பிழையில்லை. ஆனால் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெரும் பங்கு பிபி என்ற எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரங்களுக்கு உண்டு. 2004இல் அந்த நிறுவனம் 'உங்கள் தடம் எவ்வளவு?' என்று கணக்கிட ஒரு கருவியையே வெளியிட்டது. எண்ணெய் தோண்டி விற்கிறவர், அதை வாங்கி எரிக்கிறவரிடம் கணக்குக் கேட்டார். சாராயக் கடைக்காரர் வாசலில் நின்று குடியின் கேட்டைப் பற்றிப் பேசியதுபோல.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுதித் தந்த விடை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வாகனம் இல்லை, குளிர்சாதனப் பெட்டி இல்லை, விமானத்தில் போனதில்லை என்று எல்லாவற்றுக்கும் பூச்சியம் போட்டுவிட்டு, கடைசியில் 'எங்கள் வீட்டுச் சுவரில் வெடிப்பு இருக்கிறது. அதை எந்தப் பெட்டியில் எழுதுவது?' என்று கேட்டிருந்தாள். அடுத்த ஆண்டு அந்த ஒப்படையை மாற்றிவிட்டேன். இப்போது பிள்ளைகள் தங்கள் லயத்தைச் சுற்றியுள்ள கான்களை வரைபடமாக வரைகிறார்கள்.

விறகு எரிப்பது காலநிலையைக் கெடுக்கிறது என்கிறார்களே, காஸுக்கு மாற வேண்டுமா?

முடிந்தால் மாறுங்கள், ஆனால் காலநிலைக்காக அல்ல. தேயிலையைக் கவ்வாத்து செய்யும்போது வெட்டி விழும் குச்சிகளான மிலாறை எரிக்கும்போது வெளிவரும் காபன், அந்தச் செடி வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். செடி மறுபடியும் துளிர்க்கும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும். புகைபோக்கி இல்லாத காம்பராவில் அம்மாவின் நெஞ்சுக்குள் போகும் புகைதான் உண்மையான கேடு. 2022இல் காஸ் சிலிண்டருக்காக நாடே வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. அதனால் காஸ் அடுப்பு வாங்கியவர்களும் விறகடுப்பை இடிக்காமல் புகைபோக்கி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. ஓடைக்கரை மரங்களை மட்டும் விறகுக்காக வெட்டாதீர்கள். கரையைப் பிடித்துக்கொண்டிருப்பது அவற்றின் வேர்.

பொலித்தீன் பையை விட்டால் மழை குறையுமா?

குறையாது. பொலித்தீனும் காலநிலை மாற்றமும் வேறு வேறு பிரச்சினைகள். மேடைகளில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லிக் குழப்பிவிட்டார்கள். மலையில் அவை சந்திக்கும் ஓர் இடம் உண்டு, அது கான். பை அடைத்த கானில் நீர் தேங்கி மண்ணுக்குள் இறங்கும். நனைந்து கனத்த மண் சரியும்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் மரம் நடுகிறோமே, அது போதாதா?

நடுகிறோம், புகைப்படம் எடுக்கிறோம், ஆடு தின்கிறது. மரம் நடுவதை நான் கேலி செய்யவில்லை. எந்த மரம், எந்த இடம், இரண்டாம் ஆண்டில் யார் பார்த்துக்கொள்வார் என்ற மூன்று கேள்விக்கும் விடை இல்லாமல் நட வேண்டாம் என்கிறேன். ஏற்கெனவே வெடிப்பு விட்ட சரிவின் உச்சியில் பெரிய மரம் வளர்ந்தால் அதுவே பாரமாகலாம். காற்றில் மரம் ஆடும்போது வெடிப்பும் அகலும்.

இருக்கும் காட்டைக் காப்பது புதிதாக நடுவதைவிட மலிவு. இது 1873லேயே தெரிந்த விடயம். தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டக்கூடாது என்று ஆங்கிலேய ஆட்சி அன்று முடிவெடுத்தது. ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாத மலைக் காடும் இன்று எஞ்சியிருப்பதற்கு அந்த முடிவு ஒரு முக்கிய காரணம். மகாவலியும் களனியும் ஊற்றெடுப்பது அந்த உயரங்களில்தான். ஒவ்வொரு தோட்டக்காரரும் தாமாக மனமிரங்கிக் கோடரியைக் கீழே போடட்டும் என்று விட்டிருந்தால் உச்சிவரை தேயிலை ஏறியிருக்கும்.

அரசாங்கம் செய்யட்டும் என்கிறீர்கள். எந்த அரசாங்கம்? எங்கள் தோட்டத்துப் பாதைக்கு ஒருவரும் வருவதில்லையே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசினுடையது, நிர்வாகம் கம்பனியுடையது, குடியிருப்பவர்கள் தொழிலாளர்கள். கான் உடைந்தால் பிரதேச சபை 'அது தோட்டத்துக் காணி' என்றது. தோட்டம் 'தலைமை அலுவலகத்திடம் கேட்க வேண்டும்' என்றது. பிரதேச சபை சாக்குச் சொல்லவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்திலிருந்த 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்வதற்கு உண்மையிலேயே தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபை, அவர்கள் பாதைக்கு ஒரு வண்டி கல் போட முடியாத நிலை!

2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. சட்டத்தின் கதவு திறந்து பல ஆண்டுகளாகியும் அதற்குள் நுழைந்தவர்கள் குறைவு என்பது என் கணிப்பு. உங்கள் வட்டார உறுப்பினர் இன்னமும் 'தோட்டத்துக்குள் நாங்கள் கை வைக்க முடியாது' என்று சொன்னால், 2018 திருத்தத்தைப் படித்தாரா என்று மரியாதையாகக் கேளுங்கள். தனிமனிதர் செய்யக்கூடிய காலநிலை வேலைகளில் இதை நான் பொலித்தீன் பைக்கு மேலே வைப்பேன்.

மீரியபெத்தையில் முன்னமே எச்சரித்தார்களாம், சனங்கள் போகவில்லையாம். அது அவர்கள் பிழைதானே?

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் அபாயமானது என்று, மண்சரிவு அபாயத்தைக் கணிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது உண்மைதான். இதை ஒரு நகரத்துக் கடைக்காரர் என்னிடம் சொன்னபோது, 'போகச் சொன்னார்கள் சரி, எங்கே போகச் சொன்னார்கள்?' என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

லயக் காம்பரா தொழிலாளிக்குச் சொந்தமில்லை, காணி உறுதியும் இல்லை. அதை விட்டு வெளியேறினால் வேறு காணி வாங்க அந்த நாட்சம்பளத்தில் வழியில்லை. வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களம், பிள்ளைக் காம்பரா, பாடசாலை எல்லாம் அதே சரிவில்தான். வெளியேறச் சொல்லும் கடிதத்தோடு ஏழு பேர்ச்சஸ் நிலமும் வந்திருந்தால், அதன் பிறகும் ஒருவர் போகாமல் இருந்திருந்தால், அப்போது அவர் பிழை என்று பேசலாம். உயிர் தப்பியவர்களுக்குப் புதிய வீடு கையில் கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆனது; அதுவரை பல குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் இருந்தன. இதைப் பார்த்த பக்கத்துத் தோட்டத் தொழிலாளி, அடுத்த எச்சரிக்கை வரும்போது என்ன முடிவெடுப்பார்?

சரி, எச்சரிக்கை வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மூன்று படிகளில் வரும். முதலாவது மஞ்சள்: அவதானமாக இருங்கள். இரண்டாவது வெளியேற ஆயத்தமாகும் படி: அடையாள அட்டை, மருந்து, பிள்ளைகளின் சான்றிதழ்களை ஒரு பையில் போட்டுக் கதவருகே வையுங்கள். மூன்றாவது சிவப்பு: கிளம்புங்கள். மழைமானி இருந்தால் அறிவித்தலுக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் அவதானம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேற்றம்தான்.

மானி காட்டும் எண்ணைவிடக் கண் முந்திக்கொள்ளும் நேரமும் உண்டு. தரையில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், இறுகித் திறக்க மறுக்கும் கதவு, தெளிவாக ஓடிய ஊற்றுப் பீலித் தண்ணீர் திடீரெனச் சேறாவது அல்லது நின்றுபோவது. இவற்றைக் கண்டால் யாரையும் கேட்க வேண்டாம், இறங்குங்கள்; பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள். மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போகாதீர்கள்.

தொழிலாளிக்குப் பொறுப்புக் குறைவு என்கிறீர்கள். நீங்கள் மோட்டார் சைக்கிளில் வந்துதானே பேசுகிறீர்கள், சேர்?

ஒரு பொடியன் கூட்டத்தின் நடுவே எழுந்து கேட்டான். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். என் தடம் அவனுடையதைவிடப் பெரிது. பஸ் ஒழுங்காக ஓடும் நாட்களில் பஸ்ஸில் போகலாம், போவதில்லை. அது சோம்பல். அதை அரசாங்கத்தின் தலையில் கட்ட மாட்டேன்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு சமையலறையை நான்கடி நீட்டுவதற்காக வீட்டுக்குப் பின்னாலிருந்த மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டினேன். மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டடம் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி தேவை என்பது வகுப்பில் நானே சொல்லிக்கொடுப்பதுதான். 'சின்ன வேலைதானே' என்று விட்டேன். அடுத்த பருவமழையில் மேடு சமையலறைக்குள் வந்தது. நல்லவேளை, பகல் நேரம், வீட்டில் ஒருவரும் இல்லை. காணியும் மண்வெட்டியும் முடிவும் என்னுடையவை. இந்த மலைகளில் தனிமனிதர்கள் உயிருக்கு உலை வைத்துக்கொள்ளும் வழிகளில் இப்படி மேடு வெட்டுவது முதன்மையானது. வெட்டியே ஆக வேண்டும் என்றால் அனுமதி எடுத்து, தாங்கு சுவரும் நீர் வடியத் துளையும் வைத்து வெட்டுங்கள்.

அரசாங்கம் தலையிட்டால் இன்னும் கெட்டுப்போகிறதே. இரசாயன உரத்தைத் தடை செய்த கதை தெரியாதா?

தெரியும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே வீச்சில் தடை செய்யப்பட்டது. இயற்கை விவசாயம் என்றும் சூழலைக் காப்பது என்றும் வெளிநாட்டு மேடைகளில்கூடப் பெருமை பேசப்பட்டது. நவம்பரில் தடையைத் தூக்கினார்கள், ஆனால் மண் அதற்குள் பட்டினி கிடந்துவிட்டது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடி கிலோவளவுக்கு விழுந்தது. உரமின்மை அதில் முதற்காரணம். கொழுந்து இல்லாத மலையில் நிறுவை குறைந்து, முழுநாள் சம்பளமான முழுப்பேருக்கு நின்ற பெண்கள் அரைநாள் சம்பளமான அரைப்பேரோடு வீடு திரும்பினார்கள். முடிவெடுத்தவர் ஒருவர், நட்டப்பட்டவர் இன்னொருவர்.

ஆகவே அரசு எதைச் செய்தாலும் நல்லது என்று நான் சொல்லவில்லை. 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. அதைப் போன்ற இடங்களில் உள்ளவர்கள் சொல்வதைக் கேட்டு, பத்து ஆண்டுகளில் படிப்படியாகச் செய்திருக்க வேண்டிய வேலை அது. 1873இன் முடிவும் அரசு எடுத்ததுதான், 2021இன் முடிவும் அரசு எடுத்ததுதான். முன்னதற்கு ஆலோசனை இருந்தது.

எங்கள் ஆற்றில் மின்சாரம் எடுக்கிறார்கள். கூரையில் சூரிய மின்கலம் போட்டு நாங்களும் எடுக்கலாமா?

லக்சபானவும் மேல் கொத்மலையும் மலையகத் தண்ணீரில் சுழல்கின்றன. நீர்மின்சாரம் போதாத நேரத்தில் நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி நிலையம் ஓடுகிறது. 2030இல் மின்சாரத்தின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து எடுப்பது என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. சொந்த வீடுள்ள ஆசிரியரும் கடைக்காரரும் கூரையில் பலகை போடலாம். லயத்தின் கூரை? மூன்றாவது கேள்விக்கான பதிலுக்குப் போய்ப் பாருங்கள்.

பணக்கார நாடுகள் நட்டஈடு தருமா?

'இழப்பும் சேதமும்' நிதியம் அமைக்க 2022இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில் உடன்பட்டார்கள்; 2023இல் துபாயில் அது செயலுக்கு வந்தது. தேவையோடு ஒப்பிட்டால் அதில் விழுந்திருக்கும் பணம் கோயில் உண்டியல் சில்லறை. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், காலநிலையைப் பாதுகாப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றும், அதை மீறும் நாடு நட்டஈடு கொடுக்க நேரலாம் என்றும் ஆலோசனைக் கருத்து வழங்கியது. வனுவாட்டு என்ற சின்னத் தீவு நாடு முன்னின்று கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் அது.

என் கவலை வேறு. நாளைக்கே பணம் வந்தால், உறுதி இல்லாத லயக் குடும்பம் எந்தக் காகிதத்தைக் காட்டி இழப்பைக் கோரும்?

நான் கொழும்பில் கடையில் வேலை செய்கிறேன். இங்கிருந்து என்ன செய்ய முடியும்?

ஒரு கடிதம் எழுத முடியும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் பெற்றோர் குடியிருக்கும் லயத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பரிசோதித்திருக்கிறதா, அறிக்கை என்ன சொல்கிறது, பிரதி யாருக்கு அனுப்பப்பட்டது என்று கேளுங்கள். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். அறிக்கை கைக்கு வந்ததும் ஒரு பிரதி தோட்ட முகாமையாளருக்கு, ஒன்று பிரதேச செயலாளருக்கு, ஒன்று சபைத் தவிசாளருக்கு. அதன் பிறகு 'எங்களுக்குத் தெரியாது' என்று ஒருவரும் சொல்ல முடியாது.

மழைமானி வைத்தாயிற்று. இரவு இரண்டு மணிக்கு அதை யார் போய்ப் பார்ப்பது?

இத்தனை கேள்விகளில் என்னைத் திணற வைத்தது இதுதான். கேட்டவர் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா. முறை வைத்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து, நாள் முழுவதும் மலையில் நின்று, இரவு சோறும் ஆக்கியவர் முறை வைத்து எப்படி விழித்திருப்பார் என்று அவர் திருப்பிக் கேட்டார். பாடசாலைப் பிள்ளைகளை எழுப்பவும் முடியாது.

இரவில் சம்பளத்துக்கு விழித்திருப்பவர் ஒருவரே ஒருவர், தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரின் காவல்காரர். மழை நாட்களில் மணிக்கொருமுறை மானியைப் பார்ப்பதையும் மணி அடிப்பதையும் அவருடைய வேலையில் சேர்க்கும்படி தோட்டத் தலைவர் முகாமையாளரிடம் கேட்டிருக்கிறார். தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதாக முகாமையாளர் சொன்னார். பதில் வரும்வரை காவல்காரர் தாமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறார், கையில் குடையும் டோர்ச் லைட்டுமாக.